கிக்பொக்சிங் பிள்ளையைக் குத்துச்சண்டைக்கு மாத்துறது: ரைக்கரை உதாரணம் காட்டலாமோ?

உவர்மலை | 11.06.2024, இரவு 8.50

நேரா விசயத்துக்கு வாறன். கிக்பொக்சிங் ஒழுங்காப் பழகின பொம்பிளைப் பிள்ளைக்குக் குத்துச்சண்டையைப் புதுசாப் படிப்பிக்கத் தேவையில்லை, காலை நிப்பாட்டினாக் காணும் எண்டுறது என்ர வாதம். சாட்சி லூசியா ரைக்கர். 1967இல அம்ஸ்டர்டாமில பிறந்தவ, கிக்பொக்சிங்கில ஒருத்தரிட்டயும் தோற்கேல்ல. 1996இல லொஸ் ஏஞ்சலிஸில தொழில்முறைக் குத்துச்சண்டைக்கு இறங்கி, முதல் போட்டியை முதல் ரவுண்டிலயே முடிச்சவ. மொத்தம் 17 போட்டி, 17 வெற்றி, அதில 14 நொக்அவுட்.

இங்க ஒரு பிள்ளை இருக்கு. வயசு 17, எடை 57 கிலோ, லோ கிக் விதியில (தொடைக்கும் உதைக்கலாம் எண்ட கிக்பொக்சிங்) மூண்டு வருசப் பழக்கம். ஆறு கிழமைப் பயிற்சி குடுத்துக் குத்துச்சண்டையில இறக்கலாமோ?

டச்பே | 11.06.2024, இரவு 10.15

ஏலாது.

முதல்ல தகவலைத் திருத்துவம். "ஒருத்தரிட்டயும்" எண்டது பிழை, பெண்களிட்டத் தோற்கேல்ல எண்டு எழுதும். 1994இல அம்ஸ்டர்டாமில சோம்சாய் ஜைடீ எண்ட தாய்லாந்து ஆம்பிளையோட மோதி ரெண்டாம் ரவுண்டில விழுந்தவ. அது காட்சிப் போட்டி எண்டு கணக்கில சேர்க்கிறேல்ல, ஆனா நடந்தது நடந்ததுதான்.

ரெண்டாவது, ரைக்கர் வெறும் கிக்பொக்சர் இல்ல. சின்னனில ஜூடோ, பிறகு வாள்வீச்சில ஒல்லாந்து இளையோர் சம்பியன். வாள்வீச்சுக்காரருக்கு முன்கால், பின்கால், இடைவெளி எல்லாம் நேர்கோட்டுக் கணக்கு. குத்துச்சண்டையின்ர கால் அவவுக்குக் கிக்பொக்சிங்குக்கு முந்தியே வந்திட்டுது எண்டுதான் நான் சொல்லுவன். உங்கட பிள்ளைக்கு அது இருக்கோ?

உவர்மலை | 12.06.2024, காலை 6.30

அப்ப ஹொலி ஹோம்? அவவும் கிக்பொக்சிங்கால வந்து குத்துச்சண்டையில வெண்டவதானே. அவ வாள் பிடிக்கேல்லயே.

கச்சான் | 12.06.2024, காலை 7.05

திருகோணமலையில வாள் பிடிச்ச ஆள் தேடுறதெண்டா மீன் சந்தைக்குத்தான் போகோணும்.

டச்பே | 12.06.2024, இரவு 9.20

ஹோம் நல்ல உதாரணம், ஆனா உங்கட பக்கத்துக்கு இல்ல. அவவின்ர குத்துச்சண்டைக் கணக்கு 33 வெற்றி, 2 தோல்வி, 3 சமநிலை. நொக்அவுட் ஒன்பதுதான். இடக்கைக்காரி. உதைக்கிற தூரத்தில நிண்டு, உள்ள வந்து ரெண்டு குத்து, திரும்ப வெளிய. அதுதான் அவவின்ர ஆட்டம். அந்தத் தூரத்தை உடைச்சு உள்ள வந்த ஆள் பிரான்சின்ர ஆன் சோஃபி மாத்திஸ். 2011 டிசம்பரில ஏழாம் ரவுண்டில ஹோமை விழுத்தினவ. அடுத்த வருசம் ஹோம் புள்ளியில திருப்பி வெண்டவ. தூரத்தை விடாமப் பிடிச்சு வெண்டவ, அடிச்சு விழுத்தி இல்ல.

பிறகு உதையும் குத்தும் சேர்ந்த கலப்புச் சண்டைக்கு (எம்எம்ஏ) போனவ. 2015 நவம்பர் மெல்பேர்னில அங்கத்தைய சம்பியன் ரொண்டா ரௌசியை விழுத்தினது இடங்கால் உதை. பத்து வருசத்துக்கு மேல குத்துச்சண்டை செய்த பிறகும் கால் மறக்கேல்ல. உங்கட பிரச்சினையும் அதுதான். ஆறு கிழமையில கால் மறக்குமெண்டு நினைக்கிறீங்கள்.

எங்கெங்க பிழைக்கும் எண்டு எழுதிறன்.

நிலை. லோ கிக் பழகின பிள்ளை நெஞ்சை முன்னுக்குக் காட்டி, பாரத்தைப் பின்காலில வைச்சு, முன்காலை லேசா வைச்சிருக்கும். முன்காலைத் தூக்கி உதையைத் தடுக்கோணும், அதுக்காக. குத்துச்சண்டையில அந்த நிலை ரெண்டு விதத்தில ஆபத்து. நெஞ்சு திறந்திருந்தா வலப்பக்க ஈரலுக்கு இடக்கை ஹூக் (பக்கவாட்டால வளைச்சுக் குத்துறது) நேரா வரும். பாரம் பின்னுக்கு இருந்தா ஜப்புக்கு (முன்கையால நேராக் குத்துறது) நீளம் இல்ல. தோளைச் சரிச்சு, முன்பாத நுனியைக் கொஞ்சம் உள்ளுக்குத் திருப்பி, பின்குதியை நிலத்தில இருந்து ஒரு விரல் உயரம் எடுக்கோணும்.

முன்கால் துடிப்பு. இதுதான் எல்லாரையும் ஏமாத்திறது. எதிராளி தோளை அசைச்சுப் பொய் காட்டினா, கிக்பொக்சிங் பிள்ளையின்ர முன்கால் தன்பாட்டில ரெண்டு அங்குலம் எழும்பும். அந்த நேரம் ஒற்றைக்காலில நிக்கிற ஆளைச் சும்மா ஒரு ஜப்பே இருத்திவிடும். நடுவர் எட்டு எண்ணுவார். பலமான அடியால விழுந்ததெண்டு வீட்டுக்காரர் பயப்பிடுவினம். உண்மையில கால் நிலத்தில இல்லாததுதான் காரணம்.

தலை. உதை விளையாட்டில குனிஞ்சா உதையோ முழங்காலோ முகத்துக்கு வரும், அதால குனியாமப் பழகினவை. பின்னுக்குச் சாய்ஞ்சுதான் தப்புவினம், நாடி மேல போகும். குத்துச்சண்டையில குத்து ஒண்டோட நிக்காது. முதலாவதுக்குச் சாய்ஞ்சு தப்பினா மூண்டாவது தேடி வரும்.

கை. தலை உதையைத் தடுக்கக் கை உயர நிக்கும், முழங்கை வெளிய போகும், விலா திறக்கும்.

பிடி. கழுத்தைப் பிடிச்சு இழுக்கிறது தாய்ப் பழக்கம். குத்துச்சண்டையில முதல் தரம் எச்சரிக்கை, பிறகு புள்ளி போகும்.

நிலாவெளி 60 | 13.06.2024, மதியம் 1.10

டச்பே சொன்ன துடிப்புக்கு மருந்து இருக்கு. பட் (குத்து வாங்கிற கைமெத்தை) பிடிக்கிற ஆள் ஒரு கையால பிள்ளையின்ர முன்தொடையில மெதுவாத் தட்டோணும். பிள்ளை காலைத் தூக்காம உடன ஜப் குடுக்கோணும். 2 நிமிசம் வீதம் 4 ரவுண்ட், கிழமைக்கு மூண்டு நாள். முதல் கிழமை ஒவ்வொரு தட்டுக்கும் கால் எழும்பும். மூண்டாம் கிழமையில குறையும், களைச்சா மட்டும் வரும். அதால களைப்பிச்ச பிறகுதான் சோதிக்கோணும். புத்துணர்ச்சியா இருக்கேக்க சோதிச்சுச் "சரி" எண்டு விடாதேங்கோ.

குனியிறதுக்குக் கயிறு. கொச்சிக்கயிறு ஒண்டை ரெண்டு தூணில பிள்ளையின்ர தோள் உயரத்துக்குக் கட்டுங்கோ, நாலு ஐஞ்சு மீற்றர் நீளம். கயிற்றுக்குக் கீழால இடம், வலம், இடம் எண்டு தலையை மாத்தி முன்னுக்குப் போறது. முழங்கால் மடங்கோணும், இடுப்பு இல்ல. இடுப்பில வளைஞ்சாக் கண் நிலத்தைப் பார்க்கும், கீழ இருந்து வாற அப்பர்கட் தெரியாது. கண் எப்பவும் எதிராளின்ர நெஞ்சில.

உவர்மலை ஆறு கிழமை கேட்டவர். என்ர கணக்கு பதினாறு: முதல் மூண்டு கிழமை கால் மட்டும், ஆறு வரைக்கும் ஜப்பும் தலையும், பத்து வரைக்கும் விலாவும் கிட்டச் சண்டையும், பிறகுதான் 16 அவுன்ஸ் கிளவ்ஸ் போட்டு மெதுவான பயிற்சிச் சண்டை. அந்த நாலு மாசமும் ஒரு உதையும் வேண்டாம். ரெண்டையும் ஒரே மாசத்தில செய்தா ரெண்டும் கெடும்.

உவர்மலை | 13.06.2024, இரவு 8.00

பதினாறு கிழமை உதைக்காதே எண்டா அந்தப் பிள்ளை என்னை உதைக்கும். சரி, ஓட்டம்?

டச்பே | 13.06.2024, இரவு 9.45

விடிய 5 மணிக்கு உப்புவெளிக் கடற்கரை, வெறுங்காலோட, மெத்தெண்ட மணலில 5 கிலோமீற்றர். கால் பலத்துக்கு அதைவிட ஒண்டும் இல்ல. கிழமைக்கு ரெண்டு நாள் கோட்டை வாசலில இருந்து கோணேசர் கோயில் ஏற்றம், ஆறு தரம்.

டச்பே | 15.06.2024, காலை 5.50

மேல எழுதின மணல் ஓட்டத்தை அழிக்கேல்ல, ஆனா ஒருத்தரும் செய்யவேண்டாம். நான் எழுதினது பிழை.

ரைக்கரை வைச்சுத் தொடங்கின இழை, அவவின்ர தொழில் எங்க முடிஞ்சதெண்டு நானே யோசிக்கேல்ல. 2005 ஜூலை 30, லாஸ் வேகாஸில அமெரிக்காவின்ர பேர்பெற்ற குத்துச்சண்டைக்காரி கிறிஸ்டி மார்ட்டினோட மோதுறதா இருந்தது. வருசக்கணக்கா எல்லாரும் காத்திருந்த போட்டி. ஆளுக்கு 250,000 டொலர் உறுதி, வெண்டவவுக்கு மேலும் 750,000. பெண்கள் குத்துச்சண்டையில அப்ப அப்பிடியொரு காசு கிடையாது. போட்டி கிட்ட வந்த நேரம் பயிற்சியில குதிகால் நாண் அறுந்தது. போட்டி நிண்டுபோச்சு. அவவுக்கு அப்ப 37 வயசு. அதுக்குப் பிறகு வளையத்துக்குள்ள இறங்கேல்ல. குத்துச்சண்டையில ஒருத்தரும் வெல்லாத ஆளைக் குதிநாண் விழுத்தினது.

உங்கட பிள்ளைக்கு இதால என்ன? கிக்பொக்சிங்கில பின்பாதம் பெரும்பாலும் தட்டையா நிலத்தில நிக்கும், அடி விழுறது கணுக்காலுக்கு மேல, முன்னெலும்பில. குத்துச்சண்டைக்கு மாறின நாளே பின்குதி எழும்புது. நாள்முழுக்கக் குதிகால் நாணில பாரம். அதோட கயிறடிக்கிறதும் கூடும். அதுக்கு மேல மெத்து மணலில ஓடினா, குதி மணலுக்குள்ள தாழும், ஒவ்வொரு அடிக்கும் நாண் கூட நீளும். மூண்டு பாரம் ஒரே மாசத்தில. 17 வயசில லேசில அறாது, ஆனா நோ தொடங்கும். தொடங்கின நோவை நோவெண்டு கணக்கெடுக்காம ஓடுறதுதான் ஆபத்து.

ஆக, முதல் ஆறு கிழமை உட்துறைமுக வீதி மாதிரிச் சமமான இடத்தில, சப்பாத்தோட. கடற்கரைதான் வேணுமெண்டா அலை நனைச்ச இறுகின ஓரம். அங்கயும் ஒரு பக்கம் சரிவு, அதால போன தூரம் அளவுக்குத் திரும்பி வரோணும். ஒரு திசையில மட்டும் ஓடி பஸ்ஸில வாறேல்ல. ஏற்றம் ஆறாம் கிழமைக்குப் பிறகு.

நிலாவெளி 60 | 15.06.2024, காலை 9.30

இதுக்கு அப்பியாசம் இருக்கு. படியின்ர ஓரத்தில முன்பாதத்தை வைச்சு, ரெண்டு காலாலயும் மேல எழும்பி, ஒற்றைக்காலால மெதுவாக் குதியைப் படிக்குக் கீழ இறக்கிறது. இறக்க மூண்டு எண்ணோணும். முழங்கால் நீட்டி 15 தரம் மூண்டு சுற்று, மடக்கி 15 தரம் மூண்டு சுற்று, காலை பின்னேரம், 12 கிழமை. மேல எழும்பிறது ரெண்டு காலால, இறங்கிறது ஒரு காலால. மாறிச் செய்தாப் பலன் இல்ல. காலையில முதல் அடி வைக்கேக்க குதிக்கு மேல இறுக்கம் இருந்தா அண்டைக்குக் கயிறடிக்க வேண்டாம்.

கச்சான் | 15.06.2024, காலை 10.02

கன்னியா வெந்நீரூற்றில போய் ஏழு கிணத்துத் தண்ணியையும் காலில ஊத்தினா?

நிலாவெளி 60 | 15.06.2024, காலை 10.20

பகிடிக்குச் சொன்னாலும் கனபேர் உண்மையா அதைத்தான் செய்யினம். வீங்கின புதுசில சூட்டுத் தண்ணி கூடாது, வீக்கம் கூடும். முதல் ரெண்டு நாள் துணியில சுத்தின ஐஸ், ஒருக்கா 15 நிமிசம். கன்னியாவுக்குப் போறதெண்டா சாமி கும்பிட்டு வாருங்கோ.

உவர்மலை | 18.06.2024, இரவு 8.40

ஒரு கேள்வி மிச்சம். நோர்வேயின்ர செசிலியா பிரேக்ஹஸும் கிக்பொக்சிங்கில இருந்து வந்தவதானே? 2014 செப்டம்பரில இவானா ஹபாசினை வெண்டு, நாலு உலக அமைப்பின்ர சம்பியன் பட்டியையும் ஒண்டாச் சேர்த்த முதல் பெண். 2020 வரைக்கும் தோல்வி இல்ல.

டச்பே | 18.06.2024, இரவு 10.30

ஓம். ஆனா இடையில பல வருசம் அமெச்சூர் குத்துச்சண்டை செய்தவ. 2007இல ஜெர்மனியில போய்த்தான் தொழில்முறைக்கு மாறினவ, ஏனெண்டா நோர்வேயில தொழில்முறைக் குத்துச்சண்டை 1981இல இருந்து 2014 வரைக்கும் தடை. சொந்த மண்ணில முதல் தொழில்முறைப் போட்டி 2016 ஒக்டோபரில, ஒஸ்லோவில. எதிராளி ஆர் தெரியுமோ? ஹோமை விழுத்தின அதே மாத்திஸ். ரெண்டாம் ரவுண்டில முடிச்சவ.

அமெச்சூர் இடையில இல்லாமப் பாய்ஞ்சா என்ன நடக்கும் எண்டதுக்கும் ஆள் இருக்கு: ஆர்ஜென்டீனாவின்ர மார்செலா அகுன்யா. அவவும் உதைச்சண்டைப் பக்கத்தால வந்தவ. 1997 டிசம்பரில முதல் தொழில்முறைப் போட்டியே கிறிஸ்டி மார்ட்டினோட, பத்து ரவுண்டும் நிண்டு புள்ளியில தோல்வி. ரெண்டாவது போட்டி 1998இல இதே ரைக்கரோட, ஐஞ்சாம் ரவுண்டில நொக்அவுட். பிறகு உலகச் சம்பியன் ஆனவ, அது வேற. ஆனா அந்த ரெண்டு போட்டியும் அவவுக்காக ஒழுங்கு பண்ணினதில்ல, மற்றவையின்ர கணக்குக்காக.

ரைக்கரின்ர 17க்கு 0 எண்டதை வாசிக்கேக்க மறுபக்கம் ஆர் நிண்டவை எண்டும் பார்க்கோணும். அப்ப நல்ல எதிராளியள் குறைவு. அது அவவின்ர குற்றம் இல்ல.

நிலாவெளி 60 | 19.06.2024, மதியம் 12.45

பிள்ளை 57 கிலோ எண்டீங்கள். 2024 பரிஸ் ஒலிம்பிக்கில பெண்கள் எடை 50, 54, 57, 60, 66, 75. 57க்கு உள்ளயே நிக்கிறா, அப்ப இறக்க வேண்டாம். 54க்கு இறக்குவம் எண்டு ஒருத்தர் வந்து நிப்பார், கேக்காதேங்கோ. தொழில்முறையில எடை பார்க்கிறது முதல்நாள், தண்ணியைத் திருப்பி ஏத்த ஒரு நாள் இருக்கு. அமெச்சூரில போட்டியண்டு காலமை. காஞ்சுபோன உடம்போட தலையில அடி வாங்கிறது விளையாட்டில்ல. 57இல நிக்கிற பிள்ளைக்கு ஒரு கிலோ இறக்கம் எண்டதே எனக்கு எல்லை. பொலித்தீன் உடுப்புப் போட்டு ஓடுறது இந்த ஊரில, இந்த மாசத்தில, வேண்டவே வேண்டாம்.

எடை பார்க்கிறதுக்கு முதல் ரெண்டு நாள் கருவாடு, ஊறுகாய், அப்பளம் நிப்பாட்டுங்கோ. உப்புத் தண்ணியைப் பிடிச்சு வைக்கும், அரைக் கிலோ அதிலயே நிக்கும். எடை முடிஞ்ச பிறகு உப்பு திரும்ப வேணும். வெறும் இளநீர் காணாது, அதில உப்புச்சத்துக் குறைவு. ஜீவனிப் பைக்கற்றை (வயித்தோட்டத்துக்குக் குடுக்கிற உப்புச்சீனித் தூள்) கரைச்சு, மிடறு மிடறாக் குடிக்கோணும். பயிற்சி நாளில முன்னும் பின்னும் எடை பாருங்கோ. ஒரு கிலோ குறைஞ்சா ஒண்டே கால் தொடக்கம் ஒண்டரை லீற்றர், கொஞ்சம் கொஞ்சமா. கச்சான் காத்து வீசேக்க வேர்வை உடன காயும், வேர்க்கேல்ல எண்டு நினைப்பினம். தராசு பொய் சொல்லாது.

கச்சான் | 19.06.2024, மதியம் 1.00

நான் வீசினா இவ்வளவு கேடோ?

டச்பே | 21.06.2024, இரவு 9.10

கைக்கட்டு. ஆரும் கேக்கேல்ல, ஆனா எல்லாரும் பிழையாக் கட்டுறவை. நாலரை மீற்றர். பெருவிரலில கொளுவி, விரலை விரிச்சு வைச்சுக் கட்டோணும். மூடின கையில கட்டினா, விரிக்கேக்க இறுகி விறைக்கும். மணிக்கட்டு மூண்டு சுற்று, உள்ளங்கை மூண்டு, விரல் இடுக்கால ஒவ்வொருக்கா, மொளிக்கு மூண்டு, மிச்சம் திரும்ப மணிக்கட்டு. விரல் நுனி வெளிறினா அவிழ்த்துக் கட்டுங்கோ. சின்னக் கைப் பிள்ளைக்கு நாலரை மீற்றர் 10 அவுன்ஸுக்குள்ள புகாது, குறைஞ்ச நீளம் எடுக்கலாம்.

பை. ஆற்று மணல் நிரப்பின பை கண்டாத் தூரப் போங்கோ. மணல் அடியில இறங்கிக் கல்லாகும். கிக்பொக்சிங்காரருக்கு அது தெரியாது, அவை அடியில உதைக்கிறவை. குத்துறவைக்கு மணிக்கட்டு போகும். வெட்டுத்துணி சாக்குக்கணக்கில வாங்கி, தட்டுத் தட்டா அமத்தி நிரப்புங்கோ. பிள்ளையின்ர எடையில பாதி, 28-30 கிலோ. சங்கிலி கடல்காத்துக்கு நிக்காது. துத்தநாகம் பூசினது எண்டாலும் மாசம் ஒருக்காக் கொழுக்கியைக் கழட்டிப் பாருங்கோ, தேய்மானம் வளைவுக்கு உள்பக்கம் இருக்கும். வள்ளக்காரரின்ர நைலோன் கயிறு தடிப்பா எடுத்தா அதுவே மேல்.

கிளவ்ஸை வெயிலில போடாதேங்கோ, தோல் வெடிக்கும். உள்ளுக்குப் பேப்பர் திணிச்சு, ஒரு மணித்தியாலத்தில பேப்பரை மாத்தி, நிழலில காத்துப் படத் தூக்குங்கோ. மாரியில இதைச் செய்யாட்டி ஒரு கிழமையில பூஞ்சணம்.

உவர்மலை | 22.06.2024, காலை 7.15

பிள்ளை கேக்கச் சொன்னது: நிமிசம் எவ்வளவு?

நிலாவெளி 60 | 22.06.2024, காலை 8.40

அமெச்சூர் பெண்கள் இப்ப 3 நிமிசம் வீதம் 3 ரவுண்ட், முந்தி 2 நிமிசம் வீதம் 4. தொழில்முறையில பெண்கள் வழமையா 2 நிமிசம், கூடினது 10 ரவுண்ட். ஆம்பிளையள் மாதிரி 3 நிமிசம் 12 ரவுண்ட் வேணுமெண்டு அமண்டா செரானோ 2023 ஒக்டோபரில அப்பிடியே சண்டை பிடிச்சவ. டபிள்யூபிசி (உலகப் பட்டி குடுக்கிற நாலு அமைப்பில ஒண்டு) ஒத்துக்கொள்ளேல்ல, அவ அந்தப் பட்டியையே விட்டிட்டா.

அமெச்சூரில பெண்களுக்குத் தலைக்கவசம் கட்டாயம். பல்லுக்காப்பு பல்வைத்தியரிட்ட அச்செடுத்தது நல்லம். கொதிதண்ணியில போடுறது எண்டா, கடிச்சு உறிஞ்சிப் பிடிக்கோணும். வாய் திறந்தா விழுகுது எண்டாத் திரும்பச் செய்யுங்கோ. கர்ப்பம் இல்லை எண்ட உறுதிப்படிவமும் கேப்பினம், பிள்ளைக்கு முதலே சொல்லிவையுங்கோ, அந்த இடத்தில திடுக்கிடக் கூடாது.

தலையில அடிபட்டுப் போட்டி நிப்பாட்டப்பட்டா ஆகக்குறைஞ்சது 30 நாள் ஓய்வு. மூண்டு மாசத்துக்குள்ள ரெண்டாந்தரம் எண்டா 90 நாள். பயிற்சியில விழுந்தாலும் அதே கணக்குத்தான் பிடிக்கோணும். பயிற்சியில விழுந்ததை ஒருத்தரும் எழுதி வைக்கிறேல்ல, கேடு அதிலதான்.

உவர்மலை | 22.06.2024, இரவு 9.00

சரி, ஆறு கிழமையை விட்டிட்டன். ஆனா ஒண்டில மாறேல்ல. கிக்பொக்சிங்கால வந்த பிள்ளை அடிக்குப் பயப்பிடாது, தூரம் தெரியும். அது புதுசா வாறவைக்கு ரெண்டு வருசம் எடுக்கும்.

டச்பே | 22.06.2024, இரவு 9.35

அதை ஆரும் மறுக்கேல்ல. தூரம் தெரியும், ஆனா காலின்ர தூரம். கையின்ர தூரம் அதைவிட ஒரு சாண் குறைவு. முதல் மாசம் முழுக்க அவவின்ர குத்து ஒரு சாண் முன்னுக்கே நிக்கும், காத்தைக் குத்துவா. கை நீளம் காணாதெண்டு நினைப்பினம், கை சரி. பின்காலில இருக்கிற பாரம் முன்னுக்கு வரேல்ல. நிலத்தில சோக்கட்டியால கோடு போட்டு, கோட்டில நிண்டு பையைத் தொடச் சொல்லுங்கோ; தொடேலாட்டி கோட்டை மாத்தாதேங்கோ, பாரத்தை மாத்துங்கோ.

இன்னொண்டு. இங்க தொழில்முறையைப் பற்றி இப்ப யோசிக்க வேண்டாம். வழி அமெச்சூர்தான். 2018 கோல்ட் கோஸ்ட் பொதுநலவாய விளையாட்டில 48 கிலோவில அனுஷா கொடித்துவக்கு வெண்கலம் எடுத்தவ, அது இந்த நாட்டுப் பொம்பிளைப் பிள்ளையளுக்கு முன்னால உள்ள அளவு.

உவர்மலை | 30.06.2024, காலை 6.10

சோக்கட்டிக் கோடு போட்டாச்சு. தொடேல்ல. ஒரு சாண் இல்ல, நாலு விரல் குறையுது.

டச்பே | 30.06.2024, காலை 6.25

பின்குதி எழும்பியிருக்கோ?

உவர்மலை | 30.06.2024, காலை 6.40

இல்ல. தட்டையா நிக்குது.

டச்பே | 30.06.2024, காலை 6.42

அந்த நாலு விரல் அங்கதான் நிக்குது.